சாவடியும் இல்லை, விலைப்பலகையும் இல்லை: 407 நெடுஞ்சாலையில் பணம் எங்கே தொடங்குகிறது?

[திரையில்: மேற்கு நோக்கி ஓடும் 407 நெடுஞ்சாலை. பின்னணியில் வாகன இரைச்சல்.]

கனடாவின் ஒஷாவா நகரிலிருந்து ஒரு குடும்பம் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படுகிறது. 407 இல் ஏறுகிறார்கள். பிக்கரிங் வரை ஒரு சதம்கூடக் கட்டணம் இல்லை. புரொக் வீதியைக் கடக்கிறார்கள். அங்கிருந்து கட்டணக் கணக்கு தொடங்கிவிடுகிறது. சாவடி கிடையாது, தடுப்புக் கம்பம் கிடையாது, கை நீட்டும் ஊழியர் கிடையாது. வீதியின் இலக்கமும் அதே 407 தான். வண்டி ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஆனால் அரசாங்கத்தின் வீதியிலிருந்து தனியார் நிறுவனத்தின் வீதிக்குள் நுழைந்துவிட்டார். எவ்வளவு செலவானது என்பது பில் வரும்போதுதான் அவருக்குத் தெரியும்.

வணக்கம் நண்பர்களே. ஒன்ராறியோவில் வண்டி ஓட்டும் தமிழர் அனைவரும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. மார்க்கம், ஸ்காபரோ, ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று நம்மவர்கள் அடர்ந்து வாழும் ஊர்களை ஒட்டித்தான் இந்த நெடுஞ்சாலை ஓடுகிறது. கடைசிவரை பாருங்கள். எந்தத் துண்டு இலவசம், எந்தத் துண்டுக்குக் கட்டணம் என்பதைப் படம் போட்டே காட்டப்போகிறேன்.

முதலில் வரலாறு. வேகமாகப் போய்விடுவோம். 401 நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க அதற்கு வடக்கே ஒரு மாற்றுப் பாதை வேண்டும் என்று பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1987 இல் வேலை தொடங்கியது. 1997 ஜூன் 7 அன்று முதல் பகுதி திறக்கப்பட்டது. 1999 இல் ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹாரிஸின் அரசாங்கம் அதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. விலை 3.1 பில்லியன் டொலர். குத்தகை முடிவது 2098 இல். 2001 இல் நிறுவனம் வீதியை மேற்கே பர்லிங்டன் வரையும் கிழக்கே பிக்கரிங் வரையும் நீட்டியது. வரலாறு அவ்வளவுதான்.

[திரையில்: வரைபடம். மேற்கிலிருந்து கிழக்காக நீளும் ஒரே கோடு. புரொக் வீதியில் நிறம் மாறுகிறது.]

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பர்லிங்டனிலிருந்து பிக்கரிங் புரொக் வீதி வரை 108 கிலோமீற்றர். அது 407 ஈ.ரி.ஆர். என்ற தனியார் பகுதி. புரொக் வீதிக்குக் கிழக்கே இருப்பது மாகாண அரசாங்கம் கட்டிய நீட்சி. 2016 ஜூனில் ஒஷாவாவின் ஹார்மனி வீதி வரை வந்தது. 2018 தொடக்கத்தில் இன்னும் கொஞ்சம் நீண்டது. 2019 டிசம்பரில் கிளாரிங்டனுக்கு வடக்கே 35/115 நெடுஞ்சாலையைத் தொட்டது. இந்த நீட்சி ஏறத்தாழ 43 கிலோமீற்றர். இதைத் தெற்கே உள்ள 401 உடன் இணைக்க இரண்டு குறுக்கு நெடுஞ்சாலைகளும் வந்தன. விற்பியில் 412, கிளாரிங்டனில் 418.

நீட்சியை அரசாங்கமே கட்டியது என்பதால் அது இலவசமாகத் திறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சில மாதங்கள் இலவசமாக ஓட விட்டார்கள். 2017 பெப்ரவரி 1 முதல் கட்டணம் வந்தது. கட்டண விகிதம் தனியார் பகுதியைவிடக் குறைவு. ஆனால் பணத்தை அரசாங்கத்தின் சார்பில் வசூலித்தது அதே தனியார் நிறுவனம். இரண்டு உரிமையாளர்கள், இரண்டு விகிதங்கள், ஒரே வசூல் நிறுவனம். மக்கள் குழம்பியதில் என்ன வியப்பு?

வீதிப் பலகைகளைக் கவனித்தவர்களுக்கு மட்டும் ஒரு துப்பு கிடைத்திருக்கும். தனியார் பகுதியில் நிறுவனத்தின் சொந்தச் சின்னம். கிழக்கு நீட்சியில் மாகாண நெடுஞ்சாலைகளுக்கே உரிய முடிபொறித்த கேடயச் சின்னம், கட்டணம் இருந்த காலத்தில் அதனுடன் கட்டணச் சாலை என்ற அறிவிப்பு. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது இந்த இரண்டு சின்னங்களையும் பிரித்துப் பார்த்து, ‘ஆகா, உரிமையாளர் மாறிவிட்டார்’ என்று புரிந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்? நெடுஞ்சாலைகளைப் பற்றி ஆசையோடு படிக்கும் என்னைப் போன்றவர்கள் கவனிப்போம். பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டும் ஒரு தாயால் முடியாது. அவரிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

பிறகு கட்டணங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2022 ஏப்ரல் 5 இல் 412, 418 இரண்டிலும் கட்டணம் நீக்கப்பட்டது. 2025 ஜூன் 1 முதல் கிழக்கு நீட்சி முழுவதும் கட்டணம் இல்லை. முதல்வர் டக் ஃபோர்ட் அரசாங்கத்தின் முடிவு இது. ஆகவே இன்றைய நிலை: புரொக் வீதிக்குக் கிழக்கே ஏறிக் கிழக்கேயே இறங்கினால் செலவு பூச்சியம். விற்பியில் 401 இலிருந்து 412 இல் ஏறி, 407 வழியாகக் கிழக்கே போய், 115 ஐப் பிடித்துப் பீற்றர்பரோ சென்றால் அந்தப் பாதை முழுவதும் இலவசம். இந்தப் படத்தை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

[திரையில்: வெளியேறும் பாதை ஒன்றின் மேலே கமராக்களும் அன்டெனாக்களும் பொருத்திய இரும்புச் சட்டம்.]

சாவடி இல்லாமல் எப்படி வசூலிக்கிறார்கள்? ஏறும் பாதைகளிலும் இறங்கும் பாதைகளிலும் தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. அவற்றில் அன்டெனா, கமரா, வாகனத்தின் அளவைக் கண்டுகொள்ளும் கருவி. உங்கள் முன்கண்ணாடியில் ட்ரான்ஸ்பொண்டர் என்ற சிறு கருவி இருந்தால் அன்டெனா அதனுடன் பேசிக்கொள்ளும். இல்லாவிட்டால் கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடித்து, உரிமையாளரின் முகவரிக்குப் பில் அனுப்பும். அதற்குத் தனியாக ஒரு கமராக் கட்டணமும் உண்டு. ஐந்தாயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு ட்ரான்ஸ்பொண்டர் கட்டாயம். 1997 இல் உலகில் வேறெங்கும் ஒரு முழு நெடுஞ்சாலையை இப்படிச் சாவடியே இல்லாமல் நடத்தியதில்லை. பொறியியல் சாதனை என்ற வகையில் நான் இதற்கு முழு மரியாதை கொடுக்கிறேன். தொடக்கத்தில் கருவிகள் ஆயத்தமாகாததால் 1997 ஒக்டோபர் நடுப்பகுதி வரை மக்கள் இலவசமாகவே ஓட்டினார்கள்.

இனிமேல்தான் என் மனதை உறுத்தும் விடயம். இந்த வீடியோவை எடுக்கத் தூண்டியதே இதுதான்.

தனியார் பகுதியில் கட்டணம் எப்படி மாறுகிறது தெரியுமா? எந்த வலயம், எந்தத் திசை, வார நாளா வார இறுதியா, காலையா மாலையா என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதற்கு மேல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பயணக் கட்டணம். ட்ரான்ஸ்பொண்டர் இல்லையென்றால் கமராக் கட்டணம். 2020 பெப்ரவரிக்குப் பின் நான்கு ஆண்டுகள் விகிதத்தை உயர்த்தாமல் வைத்திருந்தார்கள். 2024 பெப்ரவரி 1 இல் மறுபடியும் உயர்த்தினார்கள். விலையை உயர்த்த அரசாங்கத்தின் அனுமதி தேவையா? தேவையில்லை. அரசாங்கம் இதை எதிர்த்து நடுவர் தீர்ப்புக்குப் போய், 2004 இல் தோற்றது.

சரி, வியாபாரம் என்றால் விலை மாறும். ஆனால் ஏறும் இடத்தில் இருக்கும் பலகை அந்த விலையைச் சொல்ல வேண்டாமா? இது கட்டணச் சாலை என்று பலகை சொல்கிறது. எவ்வளவு கட்டணம் என்று சொல்வதில்லை. இணையத்தில் அட்டவணை இருக்கிறது, கணிப்பான் இருக்கிறது. வீட்டில் இருந்தபடி கணக்குப் போடலாம். ஆனால் 401 இல் திடீரென்று நெரிசல் கண்டு, ‘407 க்குத் திரும்பலாமா’ என்று ஓடும் வண்டியில் முடிவெடுப்பவருக்கு அந்த அட்டவணையால் என்ன பயன்? மீன் சந்தையில்கூட விலையைக் கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுகிறோம்.

இப்போது சிங்கப்பூருக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இது.

[திரையில்: சிங்கப்பூர் மின்னியல் சாலைக் கட்டண வளைவு.]

சிங்கப்பூரில் மின்னியல் சாலைக் கட்டணம் 1998 இல் தொடங்கியது, 407 திறந்த அடுத்த ஆண்டு. அங்கேயும் சாவடி கிடையாது, நிறுத்த வேண்டியதும் இல்லை. அங்கேயும் நேரத்துக்கு நேரம் விலை மாறும். ஆனால் வளைவை நெருங்கும்போதே மின்பலகை இப்போது எவ்வளவு என்று காட்டிவிடும். வண்டியில் இருக்கும் கருவி கடக்கும் அந்த நொடியிலேயே பணத்தைக் கழித்து, ஒலி எழுப்பி, மீதியையும் காட்டும். மாதம் கழித்து அதிர்ச்சி இல்லை. விலை ஏன் அந்த அளவு என்பதற்கும் வெளிப்படையான ஓர் அளவுகோல் இருந்தது. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 முதல் 65 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் கட்டணம் ஏறும். வேகம் கூடினால் கட்டணம் இறங்கும். இறங்கும் என்பதைக் கவனியுங்கள்! ஒரு சாலைக் கட்டணம் கீழேயும் போகக்கூடும் என்பதை அங்கே வண்டி ஓட்டுபவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிங்கப்பூரில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விலை. 407 இல் தூரத்தைப் பொறுத்து விலை. நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று பலகைக்கு எப்படித் தெரியும்?

விடை அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் இருக்கிறது. வோஷிங்டனை ஒட்டிய கட்டணத் தடங்களில் நுழையும் இடத்திலேயே மின்பலகை இருக்கும். இந்த வெளியேறும் வழி வரை இவ்வளவு, அடுத்த முக்கிய இடம் வரை இவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். அங்கே ஐ-66 நெடுஞ்சாலையில் 2017 டிசம்பரில் கட்டணம் தொடங்கிய இரண்டாம் நாளே, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரத்துக்கு விலை 40 டொலரைத் தொட்டது. நாடே கொதித்தது. ஆனால் எதைப் பார்த்துக் கொதித்தார்கள்? பலகையில் எரிந்த எண்ணைப் பார்த்து! படம் பிடித்தார்கள், செய்தியானது, அரசியல்வாதிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. விலை தெரிந்தால் கோபப்படவாவது முடிகிறது. நினைத்தால் வேறு வழியில் திரும்பவும் முடிகிறது. 407 இன் ஏறும் பாதைகளிலும் மார்க்கம் வரை, பிரம்டன் வரை, மிசிசாகா வரை என்று மூன்று எண்களை எரியவிடுவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வண்டியின் இலக்கத்தகட்டை இரவிலும் பனியிலும் படிக்கத் தெரிந்த ஒரு நெடுஞ்சாலைக்கு மூன்று எண்களைக் காட்டத் தெரியாதா?

பில்லைக் கட்டாமல் விட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நிலுவை நீடித்தால் நிறுவனம் மாகாணப் பதிவாளருக்கு அறிவிக்கும், உங்கள் இலக்கத்தகட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். தனியார் கடனை அறவிடச் சட்டமே கொடுத்த ஆயுதம் இது. ஏறத்தாழ 35,000 டொலர் பாக்கி வைத்து, பிறகு கடனிறுக்க வகையற்றவராக அறிவிக்கப்பட்ட பாரவண்டி ஓட்டுநர் ஒருவரின் வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிக் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டவரிடம் இந்த ஆயுதத்தைப் பயன்படுத்த முடியாது என்று 2015 இல் தீர்ப்பு வந்தது. மற்ற எல்லோருக்கும் ஆயுதம் அப்படியே இருக்கிறது. பழைய வண்டியை விற்கும்போது இலக்கத்தகட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள். பில் பழைய முகவரிக்குப் போனாலும் வட்டி உங்களைத் தேடி வரும்.

[திரையில்: 3.1 பில்லியன் என்ற எண். அதன் அருகே 3.25 பில்லியன்.]

இன்னொரு கணக்கைக் காட்டாமல் என்னால் முடிக்க முடியாது. 1999 இல் முழு வீதியின் குத்தகையும் 3.1 பில்லியன் டொலர் என்று சொன்னேன் அல்லவா? 2019 இல் அந்த நிறுவனத்தின் 10.01 சதவீதப் பங்கு மட்டும் 3.25 பில்லியன் வரையிலான விலைக்குக் கைமாறியது. பத்தில் ஒரு பங்கின் விலை, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய முழு விலையை விஞ்சக்கூடிய அளவுக்குப் போய்விட்டது. இடையில் நிறுவனம் வீதியை நீட்டியது, தடங்களைக் கூட்டியது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் 1999 இல் மாகாணம் தன் சொத்தை மிக மலிவாகக் கொடுத்துவிட்டது என்பதே என் உறுதியான கருத்து.

இன்று அந்த வீதியின் பெரிய பங்காளர்களுள் ஒருவர் யார் தெரியுமா? கனடா ஓய்வூதியத் திட்டத்தின் முதலீட்டு அமைப்பு. உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்பவர்கள் அவர்களே. புரொக் வீதிக்கு மேற்கே நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி, சுற்றி வளைத்து உங்கள் ஓய்வூதியத்துக்கே போகிறது! விலைப்பலகை கேட்பதற்கு நமக்கு இரட்டை உரிமை இருக்கிறது: ஒன்று வாடிக்கையாளராக, மற்றொன்று பங்காளராக.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள்: ‘407 ஈ.ரி.ஆர். ஏறும் பாதைகளில் கட்டணத் தொகையைக் காட்டும் பலகை வேண்டும். மேற்கு நோக்கி வருபவர்களுக்கு, புரொக் வீதிக்கு நெடுந்தூரம் முன்பே, இலவசப் பகுதி முடிகிறது என்ற பெரிய பலகையும் வேண்டும்.’ எழுதியவர்கள் கருத்துப் பகுதியில் எந்தத் தொகுதி என்று குறிப்பிடுங்கள். பதில் வந்தால் அதையும் இடுங்கள். வரும் பதில்களை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.