யாரிடம் சொல்வீர்கள்?

நம் காலை நடைக் குழுவின் நண்பர்களுக்கு வணக்கம்.

வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்றாவது வாரம் ஏன் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறோம்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜீன் நைடெட்ச் நினைவுக்கு வருவார்.

நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி அவர். 1961-இல் அவர் எடை 97 கிலோ. கடையில் பார்த்த ஒரு பெண் அவரைக் கர்ப்பிணி என்று நினைத்து, பிரசவம் எப்போது என்று கேட்டுவிட்டார். மனம் நொந்து, நகரச் சுகாதாரத் துறையின் உடல்பருமன் கிளினிக்குக்குப் போனார். உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். எடையும் குறையத் தொடங்கியது. ஆனால் சாக்லேட் பூசிய பிஸ்கட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளித்து வைத்துத் தின்றார். கிளினிக்கில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, பிஸ்கட் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை. தாங்கள் ஒளித்துத் தின்பதையும் சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள், கூட்டம் பெருகியது. 1962 அக்டோபரில் அவர் எடை 64 கிலோ. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டம்தான் எடை குறைக்க உதவும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமாயிற்று.

கிளினிக்கிலும் எடை பார்த்தார்கள், கணக்குக் கேட்டார்கள். ஆனால் அங்கே மறைக்கத் தோன்றியது. தோழிகளிடம் சொல்லத் தோன்றியது. கணக்குக் கேட்பது என்றாலே நமக்குப் பள்ளிக்கூடத்து மார்க் அட்டைதான் நினைவுக்கு வருகிறது. திட்டு விழும் என்று பயந்தால் மனிதர் முதலில் பொய் சொல்வார், பிறகு வருவதையே நிறுத்திவிடுவார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில் நானும் அப்படித்தான் நின்றேன். என்னைத் திரும்ப மைதானத்துக்கு இழுத்து வந்தது, "நாலு நாளாக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று கேட்ட ஒரு போன்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். எடை குறைந்தவர்களுக்கு மாதாமாதம் கைதட்டுகிறோம், சரி. வராமல் போனவரை மறுநாளே கூப்பிட ஆளுக்கு ஒருவரை இன்றே முடிவு செய்துகொள்வோம். ஞாயிறு தோறும் பத்து நிமிடம் உட்கார்ந்து, செய்யாததையும் சொல்வோம்.

நானே தொடங்குகிறேன். இந்த வாரம் நான் நடந்தது இரண்டே நாள். அடுத்து யார்?