தெருவில் ஓடும் வண்டிக்கு ஃபோர்டு 9 அங்குல கேஸ்: நாடுலர் இரும்பா, அலுமினியமா?

வணக்கம் நண்பர்களே. இன்று பேசப்போவது ஃபோர்டு 9 அங்குலப் பின் அச்சைப் பற்றி, அதிலும் அதன் கேஸைப் பற்றி மட்டும். 1957 முதல் 1986 வரை ஃபோர்டு கார்களிலும் டிரக்குகளிலும் வந்த இந்த அச்சை, அமெரிக்காவில் பழைய மஸ்டாங் போன்ற வண்டிகளுக்கு வேகமேற்றுகிறவர்கள் இன்றும் முதலில் தேடுகிறார்கள். பினியன் என்னும் சிறிய பற்சக்கரம், அது சுழற்றும் ஏறத்தாழ 9 அங்குல விட்டமுள்ள கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரம், பேரிங் எல்லாவற்றையும் தாங்கிய வார்ப்பு, சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளை உருவிவிட்டுப் பத்து நட்டுகளைக் கழற்றியதும் முன்பக்கமாக முழுதாக வெளியே வந்துவிடும் என்பதே அதற்கு முக்கியக் காரணம். நான் கேஸ் என்று சொல்வது இந்த வார்ப்பைத்தான். அதற்குள்ளே கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் சிறிய கூட்டை அல்ல.

விலைப்பட்டியலைப் பார்த்தால் சாதாரண வார்ப்பிரும்பு அடியிலும், நாடுலர் வார்ப்பிரும்பு நடுவிலும், அலுமினியம் மேலேயும் இருக்கும். பணம் இருப்பவர்கள் மேலே இருப்பதையே வாங்கத் தோன்றும். தெருவில் ஓடும் வண்டிக்கு நடுவில் இருப்பதே சரி என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கேஸ் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று பார்ப்போம். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதை வைத்தே பலரும் இதைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் டயர் வழுக்கத் தொடங்கிய பிறகு அச்சுக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. 1,600 கிலோ வண்டியில் பின் சக்கரங்கள் மேல் 55 விழுக்காடு எடை, உராய்வுக் கெழு 1, டயரின் ஆரம் 33 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டு சக்கரங்களும் சேர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 2,850 நியூட்டன் மீட்டர். கிரவுன் வீல் பற்களின் சராசரி ஆரம் 10 செ.மீ.யை ஒட்டி இருப்பதால், பற்கள் சந்திக்கும் இடத்தில் சுமார் மூன்று டன் விசை விழுகிறது. அதன் ஒரு பகுதி பினியனையும் கிரவுன் வீலையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. அவற்றை விலகவிடாமல் பிடித்து வைப்பதே கேஸின் வேலை. தெரு டயருக்குப் பதிலாக கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்துக்கான, பள்ளங்களற்ற ஸ்லிக் டயரைப் போட்டு, புறப்படும்போது வண்டியின் எடை முழுதும் பின்னால் சாய்ந்தால், இதே எண் மூன்று மடங்கைத் தாண்டும். ஆகவே கேஸ் வாங்குவதற்கு முன் உங்கள் டயரைப் பாருங்கள்.

மேசையில் இருக்கும் இந்த முதல் வார்ப்பு சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு. இதற்குள் கார்பன் மெல்லிய தகடு தகடாகக் கிடக்கிறது. ஒவ்வொரு தகட்டின் ஓரமும் ஒரு விரிசல் தொடங்குவதற்கு இடம் கொடுக்கிறது. அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும், இழுவிசையில் கொஞ்சமும் நீளாமல் சட்டென்று உடையும். சீரான சுமையைக் காட்டிலும் இதைக் கொல்வது அதிர்ச்சிச் சுமை: கிளட்சைப் படாரென்று விடுவது, அல்லது பின் சக்கரங்கள் பிடித்தும் வழுக்கியும் துள்ளுவது. மிதமான எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ள வண்டியில் நல்ல நிலையில் உள்ள பழைய கேஸ் பல ஆண்டுகள் உழைக்கும். அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் விரட்ட மாட்டேன்.

நாடுலர் இரும்பில் அதே கார்பன் சிறு உருண்டைகளாக இருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்து இதைக் கண்டறிந்தார். 1949இல் காப்புரிமை கிடைத்தது. நம் கோயம்புத்தூர் வார்ப்படக் கூடங்களில் இதை எஸ்.ஜி. அயர்ன் என்பார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு தரத்தை எடுத்துக்கொண்டால், 448 மெகாபாஸ்கல் இழுவலிமையும், உடைவதற்கு முன் 12 விழுக்காடு நீளும் தன்மையும் குறைந்தபட்ச அளவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அதிர்ச்சி வரும்போது உடைவதற்குப் பதிலாகச் சற்று வளைந்து கொடுக்கும் இந்தக் குணம்தான் நமக்கு வேண்டியது. ஃபோர்டு தன் வலுவான எஞ்சின்களுக்காக 1960களில் இந்த உலோகத்தில் வார்த்த கேஸ்களின் முகப்பில் 'என்' என்ற ஆங்கில எழுத்து பெரிதாக இருக்கும். எழுத்து தெளிவில்லாமல் இருந்தால் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள்: நாடுலர் மணி போல ஒலிக்கும், சாம்பல் இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டு பழைய வார்ப்பைப் பெயருக்காக அதிக விலை கொடுத்து வாங்குவதைவிட, புதிதாக வார்த்த நாடுலர் கேஸை வாங்குவதே புத்திசாலித்தனம். பழையதில் முந்தைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இனி அலுமினியம். எடை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அடர்த்தியில் உள்ள வித்தியாசம் முழுதும் கையில் கிடைப்பதில்லை, ஏனென்றால் வலிமைக்காகச் சுவரைத் தடிப்பாக்கி விலா எலும்பு போன்ற வரம்புகளைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மிஞ்சும் ஆதாயம் ஏறத்தாழ ஆறு, ஏழு கிலோ. அது ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை என்பதால் மதிப்புள்ளதுதான். ஆனாலும் அந்தப் பணத்துக்கு இலகுவான சக்கரங்கள் வாங்கினால் கீழ் எடையோடு சுழலும் எடையும் குறையும்.

எனக்குள்ள பெரிய தயக்கம் வெப்பத்தைப் பற்றியது. 9 அங்குல அச்சில் பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையக்கோட்டுக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல் கீழே இருக்கிறது. அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகமாக வழுக்குகின்றன. வலிமை கூடுகிறது, கூடவே சூடும் கூடுகிறது. கால் மைல் பந்தயம் எண்ணெய் சூடாவதற்குள் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியின் கதை வேறு. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகைப் போல இரண்டு மடங்கு விரிகிறது. 78 மி.மீ. விட்டமுள்ள பேரிங் இருக்கை 80 டிகிரி சூடேறினால், அது பேரிங்கைவிட ஏறத்தாழ 0.07 மி.மீ. கூடுதலாக விரியும். பற்களுக்கிடையே நாம் விடும் இடைவெளியே 0.2 முதல் 0.3 மி.மீ. வரைதான். குளிர்ந்த நிலையில் மணிக்கணக்கில் அமர்ந்து சரிசெய்த பேரிங் இறுக்கம் சூட்டில் தளர்கிறது. பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடமும் நகர்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் இதைக் கணக்கில் எடுத்தே அளவு சொல்கிறார்கள் என்பதால், அலுமினியக் கேஸ் வாங்குகிறவர்கள் இரும்புக்கான பழைய அளவுகளைப் பயன்படுத்தாமல் அவர்கள் தரும் தாளைப் பின்பற்ற வேண்டும். சூட்டை விரைவாக வெளியேற்றும் என்ற பெருமை அலுமினியத்துக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த அச்சில் எண்ணெயைச் சூழ்ந்திருப்பதில் பெரும்பகுதி எஃகுத் தகட்டாலான ஹவுசிங், அதாவது அச்சின் வெளிக்கூடு.

விறைப்பிலும் அலுமினியம் பின்தங்குகிறது. நாடுலரின் மீள்குணகம் 170 கிகாபாஸ்கலை ஒட்டியது, அலுமினியத்துடையது 70. தடிப்பு இதை ஓரளவு ஈடுகட்டினாலும், தெருவில் கியரின் முனகல் உங்கள் காதுக்கு வந்து சேரும். இன்னொன்று, அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை, அதாவது எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தாலும் உலோகம் உடையாத சுமையளவு, என்று ஒன்று கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடுவது எத்தனையோ லட்சம் முறை நடக்கும் வண்டியில், சிறிய சுமையும் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பந்தயக்காரர் அடிக்கடி கழற்றிப் பார்க்கிறார், நாம் பார்ப்பதில்லை.

எடையைக் கிராம் கணக்கில் பார்க்கும் பந்தய வண்டி, அடிக்கடி பிரித்துப் பார்க்கும் உரிமையாளர் என்றால் அலுமினியத்தையே நானும் சொல்வேன். மற்றவர்கள் புதிய நாடுலர் கேஸை வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: பக்கவாட்டு பேரிங் இருக்கை 3.062 அங்குலமா என்பது ஒன்று, பினியனின் முன்பகுதியைத் தாங்கும் சப்போர்ட் பெரிய பேரிங் கொண்டதா என்பது இன்னொன்று. பழைய 2.891 அங்குல இருக்கைக்கு வாங்கிய உள்கூடு கையில் இருந்தால், அதற்குரிய பேரிங் எது என்பதை ஆர்டர் போடுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.