கழற்றி மாட்டும் அடுக்குகள்

வணக்கம் நேயர்களே. வீட்டில் பொருள்களை எங்கே வைப்பது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். என்னை அழைத்தால் இரும்பு அடுக்கைப் பற்றித்தான் பேசுவேன் என்று நிலையத்தாருக்கும் தெரியும். கிடங்கு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் வேறு எதைப் பேசுவான்? வன்பொருள் கடையில் ‘போல்ட்லெஸ் ரேக்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நான்கு கால்கள், குறுக்குச் சட்டங்கள், பலகைகள். அவ்வளவுதான் சாமான்.

இங்கே சிங்கப்பூரில் நம்மில் பலருடைய வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஒரு சின்ன அறை இருக்கும். கனமான இரும்புக் கதவு, தடித்த கான்கிரீட் சுவர். 1997-இல் வந்த சட்டத்தின்படி அது போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கான பாதுகாப்பறை. ஆனால் நமக்கு அது ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்குச் சட்டி, பிள்ளையின் தொடக்கப்பள்ளிப் புத்தகம் எல்லாம் அங்கேதான். அந்தச் சுவரை வெட்டக் கூடாது. ஆணி, திருகு அடிக்கவும் கட்டுப்பாடு உண்டு. அதனால் தச்சரைக் கூப்பிட்டுச் சுவரோடு சுவராக அலமாரி கட்டுவது அங்கே சரிப்படாது. தரையில் தானாக நிற்கும் அடுக்குதான் வேண்டும். காற்றுத் துளைகளை மறைக்காமல் வைத்தால் சரி.

ஆனால் பாதுகாப்பறைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தச்சர் கட்டும் அலமாரி, கட்டிய அன்றைக்கு நாம் எப்படி இருந்தோமோ அதற்குத்தான் பொருந்தும். குழந்தை பிறக்கும், பாட்டி வந்து தங்குவார், மகன் தேசிய சேவைக்காகப் படைக்குப் போய்ப் பெரிய பச்சைப் பையோடு திரும்புவான். தட்டின் உயரம் மாற வேண்டாமா? இரும்பு அடுக்கில் மாற்றலாம். இதை இன்னும் இரண்டு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மூலம் எது தெரியுமா? லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கொமினோ என்ற பொறியாளர். கிரேக்கக் குடும்பம், பிறந்தது சிட்னியில். அச்சகம் என்றால் இன்றைக்குத் தாள் கட்டு, நாளைக்கு வேறு சரக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடுக்கு அடிப்பதும், வேலை முடிந்ததும் அதைப் பிரித்துத் தூக்கிப் போடுவதுமாக இருந்தால் கட்டுமா? மனிதர் யோசித்தார். ‘எல்’ வடிவ இரும்புச் சட்டத்தில் முன்கூட்டியே நெடுக ஓட்டை போட்டு வைத்துவிட்டால், வேண்டிய நீளத்துக்கு வெட்டி, நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கலாம், வேண்டாதபோது கழற்றி வேறொன்று செய்யலாம். பிள்ளைகளின் மெக்கானோ பெட்டி மாதிரி, ஆனால் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். 1947-இல் ‘டெக்ஸியன்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அப்புறம் உலகம் முழுக்கக் கிடங்குகளில் அதுவும் அதன் நகல்களும்தான். கடலூரிலிருந்து கிளாங் வரை மளிகைக் கடைப் பின்கட்டில் நீங்கள் பார்த்த ஓட்டைச் சட்டம் அந்த வம்சம்தான். கொமினோ கதையை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. என் மனைவி இந்த இடத்தில் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

இப்போது வீட்டுக்கு வருவதில் போல்ட்டே இல்லை. காலில் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். குறுக்குச் சட்டத்தின் முனையில் தலை பெருத்த இரண்டு ரிவெட் இருக்கும். அகலமான பக்கத்தில் ரிவெட்டை நுழைத்து, ரப்பர் சுத்தியலால் மேலிருந்து ஒரு தட்டு. ‘டக்’ என்று கீழே இறங்கிக் கவ்விக்கொள்ளும். மேலே பாரம் ஏற ஏற இன்னும் இறுகும். கழற்ற வேண்டுமா, பாரத்தை இறக்கிவிட்டுக் கீழிருந்து தட்டுங்கள். பார்த்தீர்களா, உயரம் மாறிவிட்டது. இரண்டாவது முறை சொல்லிவிட்டேன்.

பெட்டியில் போட்டிருக்கும் எடைக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தட்டு முழுக்கச் சீராகப் பரப்பிய பாரத்துக்குத்தான். கிரைண்டரைக் கொண்டுபோய் நடுவில் வைத்தால் பலகை தொய்யும். கனமானது கீழ்த்தட்டில், காலை ஒட்டி. மேல்தட்டுக்குத் தலையணை, சூட்கேஸ் போதும்.

நவராத்திரி சமயத்தில் என் தங்கை வீட்டுக்குப் போனால் ஸ்டோர் ரூம் காலியாக இருக்கும். இரண்டு அடுக்குகளைப் பிரித்து, கூடத்தில் கொலுப்படியாக்கியிருப்பாள். வெவ்வேறு உயரத்தில் பலகை, மேலே வெள்ளை வேட்டி. செட்டியார் பொம்மை உட்கார்ந்திருப்பது அரிசி மூட்டை வைக்கிற தட்டு என்று சொன்னால்தான் தெரியும். பத்து நாள் கழித்துப் பழையபடி அரிசி மூட்டை. தச்சர் அலமாரி இதைச் செய்யுமா? இது மூன்றாவது.

துருவைப் பற்றி விரிவாகச் சொல்லக் குறிப்பெடுத்து வந்தேன். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார். சரி, சுருக்கமாக. நம் ஊர் ஈரக்காற்றில் பெயிண்ட் கீறிய இடத்தில்தான் துரு பிடிக்கும். கீறலைக் கண்டதும் பூசிவிடுங்கள். காலுக்குப் பிளாஸ்டிக் உறை போடாமல் தரையில் நிறுத்தாதீர்கள். துணி துவைக்கும் இடத்தில் மரத்தூள் பலகை வேண்டாம், நீர் பட்டால் உப்பும். துத்தநாகம் பூசிய தகடு பரவாயில்லை. குழந்தை ஏறும் வீட்டில், கூடத்தில் வைத்த அடுக்கைச் சுவரோடு பிணையுங்கள். வீட்டு வாசலில் வைப்பதென்றால் மாடியின் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீ பிடித்தால் ஆள் ஓட. மற்றதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.