ஒட்டிப் பிறந்த தபால்தலைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆல்பங்களில் ‘செ-டெனன்ட்’ என்று தனிப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். வேறு வேறு தபால்தலைகள் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகி, நடுவில் துளைக்கோடு மட்டும் ஓட, சேர்ந்தே வருகிறவை. இன்றைக்கு இவற்றைத் தபால் துறைகள் திட்டம் போட்டு, நாலு பறவை, ஆறு பூ என்று அழகாக வெளியிடுகின்றன. ஆனால் இதன் ஆரம்ப காலத்தில் அழகுக்காக யாரும் சேர்த்து அச்சடிக்கவில்லை. அவசரத்தாலும் கைப்பிசகாலும் சிக்கனத்தாலும், ஓரிடத்தில் மொழி உரிமையாலும் வந்தவை அவை. அந்தக் காரணத்தைக் காட்டுவது பிரிக்காத ஜோடிதான். ஜோடியைக் கிழித்துவிட்டால் அதில் பாதி வரலாறு போய்விடும். இன்று நான் சொல்ல வந்தது அதுதான்.

கறாராகப் பார்த்தால், உலகின் முதல் தபால்தலையிலேயே இது தொடங்கிவிடுகிறது. 1840-ல் பிரிட்டனில் வந்த பென்னி பிளாக் தாளில் 240 தலைகள். கீழ் மூலைகளில் இருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் மாறும். ஒரே தாளில் இரண்டு தலைகள் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. ஆனால் அது கள்ள உபயோகத்தைத் தடுக்க வைத்த அடையாளம். அதை நம் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

1843-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலம் வெளியிட்ட ‘இரட்டை ஜெனீவா’வும் அப்படித்தான். ஐந்து சென்டீம் தலைகள் இரண்டு, அருகருகே. இரண்டுக்கும் மேலே ஒரே பட்டையில் பத்து சென்டீம் என்ற வாசகம். உள்ளூர்க் கடிதம் என்றால் கத்தரியால் வெட்டிப் பாதியை ஒட்டலாம். மாநிலத்துக்குள் வேறு ஊர் என்றால் முழுசாக ஒட்ட வேண்டும். பாதிகள் இரண்டும் ஒரே படம், ஒரே விலை. சேர்த்து அச்சடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு என்று முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

உண்மையிலேயே வேறு வேறு தலைகள் அருகருகே வந்தது தவறால்தான். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையின் முக்கோணத் தலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை லண்டனில் அச்சாகிக் கப்பலில் வர வேண்டும். 1861-ல் இருப்பு தீர்ந்துபோனது. கேப் டவுனிலேயே சால் சாலமன் அச்சகத்தில் அவசரமாக அச்சடித்தார்கள். ஒரு பென்னி சிவப்பு, நான்கு பென்னி நீலம். சின்னச் சின்ன உலோக அச்சுக்கட்டைகளைச் சேர்த்து அடுக்கித்தான் ஒரு தாளுக்கான தட்டைத் தயாரிப்பார்கள். அடுக்கும்போது நான்கு பென்னி தட்டில் ஒரு பென்னி கட்டை ஒன்றும், ஒரு பென்னி தட்டில் நான்கு பென்னி கட்டை ஒன்றும் கலந்துவிட்டன. விளைவு, நீல நிறத்தில் ஒரு பென்னி, சிவப்பு நிறத்தில் நான்கு பென்னி. தனியாகப் பார்க்கிறவனுக்கு அது நிறப்பிழை. பக்கத்துத் தலையோடு ஒட்டியபடி கிடைத்தால்தான், மை தப்பவில்லை, கட்டைதான் மாறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஸ்வீடனின் மஞ்சள் மூன்று ஸ்கில்லிங்கும் இதே ரகம். அந்த நாட்டின் முதல் தபால்தலைகள் 1855-ல் வந்தன. மூன்று ஸ்கில்லிங் பச்சையாகவும், எட்டு ஸ்கில்லிங் மஞ்சளாகவும் இருக்க வேண்டும். மூன்று ஸ்கில்லிங் கட்டை ஒன்று எட்டின் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று உலகத்திலேயே அந்த மஞ்சள் தலை ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கண்டெடுத்தது 1886-ல் பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுவன். அதன் மதிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு ஏக்கமெல்லாம் அதைச் சுற்றி இருந்த எட்டு ஸ்கில்லிங் தலைகள் மேல். யாரோ கத்தரியோ கையோ வைத்துப் பிரித்தபோது அந்தச் சாட்சி போய்விட்டது.

சாட்சி கலையாமல் கிடைத்த இடம் அமெரிக்கா. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1917-ல் அங்கே இரண்டு சென்ட் தலை சிவப்பு, ஐந்து சென்ட் நீலம். இரண்டிலும் வாஷிங்டனின் அதே முகம், கிட்டத்தட்ட அதே சட்டம். 7942 எண் கொண்ட தட்டில் 400 தலைகள். உருளையை அழுத்தி உருட்டி எஃகுத் தட்டில் ஒவ்வொரு படமாகப் பதிப்பது அன்றைய முறை. சோதனைப் படியில் மூன்று இடங்கள் சரியில்லை என்று குறித்தார்கள். அந்த மூன்றையும் அழித்து மீண்டும் பதித்தார்கள். பதித்தவர் கையில் இருந்தது ஐந்து சென்ட் உருளை! முகம் ஒன்றே என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. தாள்கள் அச்சாகி, நூறு நூறாக வெட்டப்பட்டு, தபால் நிலையங்களில் விற்பனையும் ஆனது.

நூறு தலையுள்ள ஒரு தாளில் இரண்டு பிழைகள் மேலும் கீழுமாக. இன்னொரு தாளில் ஒன்று மட்டும். விஷயம் தெரிந்த சேகரிப்பாளர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஒற்றைப் பிழையை நடுவில் வைத்துச் சுற்றி எட்டு இரண்டு சென்ட் தலைகளோடு ஒன்பதாக எடுத்தார்கள். இரட்டைப் பிழையைச் சுற்றியிருந்த பத்தோடு பன்னிரண்டாக எடுத்தார்கள். துளைக்கோட்டில் ஒரு பல்கூட அறுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தட்டில் நடந்ததை நாம் இன்றைக்கும் கண்ணால் பார்க்க முடிகிறது.

இதற்குள் ஐரோப்பாவில் வேறொரு வழி திறந்திருந்தது. தபால்தலைகளைச் சிறு புத்தகமாகத் தைத்து விற்கும் வழக்கம் வந்தது. ஜெர்மனியில் 1910-களில் அஞ்சலட்டைக்கு ஐந்து பென்னிக், கடிதத்துக்குப் பத்து பென்னிக். ஒரே பக்கத்தில் இரண்டு விலைகளையும் கலந்து அச்சடித்தால் புத்தகம் கச்சிதமாக வரும். மிஞ்சிய கட்டத்தில் விளம்பரச் சீட்டையும் அச்சடித்தார்கள். பிழையால் வந்தது முறையாக மாறியது இங்கேதான். ஜெர்மன் சேகரிப்பாளர்கள் இதற்கென்றே தனிப் பட்டியல்கள் போடும் அளவுக்கு இது வளர்ந்தது.

அப்புறம் தென்னாப்பிரிக்கா. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1910-ல் ஒன்றியம் அமைந்தபோது ஆங்கிலமும் டச்சும் சம உரிமை பெற்றன. 1913-ன் தலைகளில் ஒவ்வொன்றிலும் இரு மொழியும் இருந்தன. 1925-ல், டச்சிலிருந்து அங்கே பிறந்த ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழியானது. 1926-ல் வந்த புதிய தலைகளில் இரண்டு மொழிகளையும் ஒரே சின்னச் சட்டத்தில் திணிக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக அச்சடித்தார்கள். அரை பென்னியில் ஸ்பிரிங்பாக் மான் தலை, ஒரு பென்னியில், கேப்பில் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய வான் ரீபெக்கின் கப்பல், ஆறு பென்னியில் ஆரஞ்சு மரம். ஒரு மானுக்கு மேல் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர். ஒட்டிய அடுத்த மானுக்கு மேல் அதே பெயர் ஆஃப்ரிகான்ஸில். தாள் முழுக்க இதே மாற்று வரிசை. எந்த மொழிக்காரரும் தன் மொழி இரண்டாவதாக, கீழே, பொடி எழுத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. தபால்தலையில் இதைவிட நேர்மையான ஒரு மொழி ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அந்த நேர்மை இரண்டு மொழிக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் மொழிகளான ஜூலுவுக்கும் ஹோசாவுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழர் குடும்பங்களும் ஊருக்குக் கடிதம் போட இந்தத் தலைகளைத்தான் ஒட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது, 1942 முதல் குட்டித் தலைகளை இரண்டும் மூன்றுமாக ஓர் அலகாக அச்சடித்தார்கள். அப்போதும் மொழி மாறி மாறியே வந்தது. 1950-களில் ஒரே தலையில் இரு மொழியும் வரத் தொடங்கியதும் இந்த ஜோடிகளின் காலம் முடிந்தது. இன்றும் விலைப்பட்டியல்கள் அவற்றை ஜோடியாகத்தான் கணக்கிடுகின்றன. தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டை ஒன்றாக வைத்து விற்க முடியாது. துளையின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதது உடனே தெரிந்துவிடும்.

1964-ல் அமெரிக்கா கிறிஸ்துமஸுக்கு நாலு செடிகளை நாலு தலைகளாக, ஒட்டிய ஒரே சதுரத்தில் வெளியிட்டது. பிழையும் தேவையும் விலகி, சேர்த்து அச்சடிப்பது பார்வைக்கான வேலையாக மாறிய காலம் அது. இன்று நீங்கள் வாங்குவதெல்லாம் அந்த வழியில் வந்தவை.

உங்கள் வீட்டில் பழைய தென்னாப்பிரிக்க ஜோடிகள் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். துளைக்கோட்டில் மடிக்காமல், அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துவாருங்கள். ‘சுயிட்ஆஃப்ரிகா’ என்று ஆஃப்ரிகான்ஸில் எழுதியிருப்பதில் நடுவில் இணைப்புக் குறி இருக்கிறதா இல்லையா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இல்லாதவை முந்தையவை, 1930-களில்தான் அந்தக் குறி நுழைந்தது.

நன்றி.