கக்கும் குழந்தைக்கு மருந்தா, தாய்க்கு நேரமா?

(பெங்களூரு அல்சூரில் தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, இடமளித்த கோயில் அறங்காவலர் பெருமக்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் இறுதிவரை இருப்பதாக வாக்களித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவ அதிகாரி அவர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

குழந்தை பால் கக்குவது ஏன், எப்போது அஞ்ச வேண்டும், பால் கொடுக்கத் தாய்க்கு நேரம் கிடைப்பது எப்படி ஆகிய மூன்றையும் பேச எண்ணியிருக்கிறேன்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்துத் தசை வளையம் கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி தளர்வதாலும், பாலே உணவாக இருப்பதாலும், பெரும்பாலும் படுத்தே கிடப்பதாலும், குடித்தது எதுக்களித்து வருகிறது. நான்காம் மாதத்தையொட்டி இது மிகுந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் தானே நின்றுவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நான் மேடைதோறும் சொல்வது மருந்துக்கும் பொருந்தும். கக்கும் குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஒமெப்ரசோல் என்னும் மருந்து இரைப்பையின் அமிலத்தைக் குறைக்குமே தவிர, கக்குவதை நிறுத்தாது. தேவையின்றிக் கொடுத்தால் நோய்த்தொற்றுக்கும் வழிவகுக்கலாம். எடை ஏறி, சிரித்து விளையாடும் குழந்தைக்கு அது வேண்டியதில்லை.

பீனியாவில் ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் ஒரு பெண்ணின் ஐந்து மாதக் குழந்தையை அதன் பாட்டி என்னிடம் தூக்கி வந்தார். “குடிச்சதெல்லாம் கக்கிடுது ஐயா, மருந்து மாத்தி மாத்திக் குடுத்தாச்சு” என்றார். எடை சரியாகவே ஏறியிருந்தது. பால் கொடுக்கும் விதத்தைக் கேட்டேன். விடியலில் வேன் வருவதற்குள் குழந்தையின் வயிறு நிறைய வேண்டுமே என்று மருமகள் அவசரமாகப் பால் கொடுத்துவிட்டுப் போவாராம், அவர் படியிறங்கியதும் குழந்தை அழ, பசியென்றெண்ணிப் பாட்டி ஒரு புட்டி புகட்டுவாராம், கக்கியதும், வயிறு காலியாயிற்றே என்று இன்னொரு புட்டி, உடனே தூளி. “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, அம்மா” என்றேன், அவர் கண்கலங்கிவிட்டார். மருந்தை நிறுத்திவிட்டு, சிறிது சிறிதாகக் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னேன். உறங்கவைப்பது மட்டும் மல்லாக்கத்தான். சில வாரங்களில் கக்குவது வெகுவாகக் குறைந்தது.

பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வாந்தி வந்தாலும், பீய்ச்சியடித்தாலும், எடை ஏறாவிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த மருமகளுக்கு ஆலையிலேயே பால் கொடுக்க இடமிருந்திருந்தால் விடியற்காலை அவசரமே நேர்ந்திராது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்கு சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலேயே வந்த உரிமை. அதைக் கேட்கும் மனு வாயிலருகே உள்ளது. தாய்மார்கள் மட்டுமன்றி, பாட்டிமார்களும் தந்தையரும் கையொப்பமிட வேண்டுகிறேன். தலைவர் அவர்கள் முன்னின்று அதைத் தொழிலாளர் துறையிடம் அளிக்க இசைந்திருக்கிறார்.