காசு எந்த வாசல் வழியாக வருகிறது?

வணக்கம் நேயர்களே. பிள்ளையை விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் இப்போது முதலில் கேட்பது, "அங்கே சம்பளமே தருகிறார்களாமே?" என்பதுதான். பாதி உண்மை.

முதல் வாசல், வெளியார் தரும் விளம்பரப் பணம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய நம் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) டென்னிஸ் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்போது மாணவராக இருந்துகொண்டே தன் படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கியிருந்தால், அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவர் என்ற தகுதி கேள்விக்குறியாகியிருக்கும். அந்தத் தடை 2021 ஜூலை 1 அன்றுதான் தளர்ந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று தந்த தீர்ப்பே இதை அனுமதித்தது என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அந்தத் தீர்ப்பு படிப்பு தொடர்பான சலுகைகளைப் பற்றியது மட்டுமே.

இரண்டாவது வாசல், கல்லூரியே தரும் பணம். வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கான ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். இதில் சேரும் கல்லூரி 2025-26இல் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம். கவனியுங்கள், அது உச்சவரம்பு. கொடுத்தே ஆகவேண்டிய தொகை அல்ல. பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடும். டென்னிஸ் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறு. முன்பு ஆண்கள் அணி முழுவதற்கும் நாலரை உதவித்தொகைதான், அதைத்தான் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரியின் அணியில் 10 பேர் வரை, அத்தனை பேருக்கும் முழுதாகவே தரலாம். தரலாம் என்றுதான் விதி. தருவார்களா என்பதைப் பயிற்சியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வெளியார் தரும் விளம்பரப் பணம் 600 டாலரை எட்டினால், ஒப்பந்தமான ஐந்து வேலை நாட்களுக்குள் இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் 'என்.ஐ.எல். கோ' தளத்தில் பதிய வேண்டும். ஒரே ஆள் 300, 300 என்று பிரித்துக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கொடுப்பவர் கல்லூரியின் புரவலராக இருந்தால் சோதனை கடுமை: உண்மையான வியாபார நோக்கம் உண்டா, தொகை சந்தை விலைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை சமூக ஊடகப் பதிவு, எந்தத் தேதி, எவ்வளவு காலம் என்பதெல்லாம் இல்லாத ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான கண்ணி வேறு இடத்தில். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு என்.சி.ஏ.ஏ. அனுமதித்தாலும் குடியேற்றச் சட்டம் அனுமதித்ததாகாது. அமெரிக்க மண்ணில் நின்று காசுக்காக விளம்பரப் படப்பிடிப்பு செய்தால் அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம்; மாணவர் தகுதியே போய்விடும். கூடப் படிக்கும் அமெரிக்க மாணவர் செய்கிறாரே என்பது பதில் ஆகாது. விடுமுறையில் சென்னைக்கு வந்து, படப்பிடிப்பு, பதிவு எல்லாவற்றையும் இங்கேயே முடிப்பது பாதுகாப்பானது. கல்லூரி பகிரும் பணத்தை எஃப்-1 மாணவர் வாங்கலாமா என்பதற்குத் தெளிவான அரசு விதி இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், குடியேற்ற வழக்கறிஞர் இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

வரி பற்றி ஒன்று. உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. வெளிநாட்டு மாணவரிடம் அதில் பொதுவாக 14 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள். 'முழு உதவித்தொகை' என்று நம்பிப் போன வீட்டுக்கு முதல் பருவத்திலேயே பில் வருவது இதனால்தான்.