வயதான குதிரைக்கு வயிறு கெட்டால் தீவனம் எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்த உரை. 20 வயதைத் தாண்டிய குதிரை இளைக்கத் தொடங்கினால், அடிக்கடி வயிற்று வலியில் படுத்தால், நம்மில் பலர் செய்வது கொள்ளுத் தானியத்தைக் கூட்டிப் போடுவதுதான். அதற்கு முன்னால் அதன் வாயைப் பார்க்க வேண்டும்.

தீவனம் வைத்த இடத்தில் பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதா? லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, உடைத்துப் பாருங்கள். நீளநீளமாகப் புல் துண்டு தெரிந்தால் குதிரை மெல்லவில்லை என்று அர்த்தம். கடைவாய்ப் பல் ஒன்று கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கும், அல்லது தேய்ந்து விழுந்திருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, கூர்முனையை அரத்தால் ராவிவிட வேண்டும்.

பல் போன குதிரைக்கு வைக்கோல் ஆகாது. மெல்லாமல் விழுங்கிய வைக்கோல் பெருங்குடலில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த எடையில் 5 முதல் 6 கிலோ நார்த்தீவனம் வேண்டும். உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) 2 கிலோ, நல்ல உலர்புல் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கூழ்போல ஆனபின் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சென்னை வெயிலில் ஊறிய தீவனம் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள குதிரைக்கு மசாலைக் குறைக்கச் சொல்வார் மருத்துவர்.

கொள்ளு என்றால், குழைய வேகவைத்து மசித்து, ஒரு வேளைக்குக் காய்ந்த எடையில் அரைக் கிலோவுக்குள் நிறுத்துங்கள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளித்து வாயுவும் அமிலமும் உண்டாக்கும். வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வருவது அங்கிருந்துதான். வாரம் ஒருநாள் மட்டும் தவிட்டுக் கூழ் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம் என்பேன். குடலில் உள்ள நுண்ணுயிரிகளுக்கு அந்தத் திடீர் மாற்றம் ஒத்துக்கொள்ளாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. இரண்டையும் சேர்த்தே போட்டு வந்தால் எலும்பு மெலிந்துபோகும்.

எடை கூட, சமையல் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் 150 மில்லி வரை ஏற்றலாம். லத்தி தளர்ந்தால் குறையுங்கள். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கோ கோழிக்கோ உள்ள கலப்புத் தீவனம் மட்டும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் மொனன்சின் என்ற மருந்து கலந்திருக்கும், சிறிதளவே குதிரையைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் அப்படித்தான்.

மெரினா மணலில் கட்டிப்போட்டுத் தீவனம் வைப்பவர்கள் தொட்டியில் வையுங்கள். ஒரு கைப்பிடி லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தால், வயிற்றில் மணல் சேர்கிறதா என்பது அடியில் படிவதைப் பார்த்தே தெரியும்.

குதிரை முன்காலால் தரையைக் கீறி, விலாவைத் திரும்பிப் பார்த்து, புரண்டால் தீவனத்தை உடனே எடுத்துவிடுங்கள். மூங்கில் குழாயால் அதன் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தாடை எலும்பின் அடியில் நாடியைப் பிடித்து எண்ணுங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் இரவானாலும் மருத்துவரை அழையுங்கள். நாடி எண்ணிக்கையையும் கடைசியாக லத்தி போட்ட நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.